ஒரே ஒளி, வேறு வேறு கண்கள்

சென்ற பருவத்தில் ஒரு நாள் சுவடியியல் வகுப்பு. கரும்பலகையில் எழுதி விளக்குவதைவிட நேரில் காட்டிவிடுவது நல்லது என்று எண்ணி, ஓலைச்சுவடி ஏடுகளின் ஒளிப்படங்களைத் திரையில் காட்டிக்கொண்டிருந்தோம். அறையின் விளக்குகளை அணைத்திருந்தோம். ஓர் ஏட்டில் எட்டு ஒன்பது வரிகள். புள்ளியில்லை, நிறுத்தக்குறியில்லை, வரிக்கும் வரிக்கும் இடையே மயிரிழை இடைவெளி. முதல் வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி திரையைப் பார்க்காமல் தலையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, பாடம் பிடிக்கவில்லையா?" என்று சற்றுக் கடுமையாகவே கேட்டோம்.

"அப்படி இல்லைங்க ஐயா. வரியெல்லாம் நெளியுது. கொஞ்ச நேரம் பார்த்தா குமட்டிக்கிட்டு வருதுங்க" என்றாள்.

வகுப்பில் சிரிப்பு எழுந்தது. நாமும் சிரித்தோம், அதை மறைப்பதற்கில்லை. நாற்பது பேர் பார்க்கும் திரை. நாற்பது பேருக்கு நேராக நிற்கும் வரி ஒருத்திக்கு மட்டும் நெளியுமா என்பது நம் எண்ணம். வெளியே போய் முகம் கழுவிக்கொண்டு வரச் சொன்னோம். போனவள் அந்த வாரம் முழுதும் வகுப்புக்கு வரவில்லை.

அவள் சொன்னது பொய்யாக இருக்க முடியுமா என்று பார்ப்பதற்காகவே படிக்கத் தொடங்கினோம். படிக்கப் படிக்க அது ஒரு நீண்ட வரலாற்றின் சிறு துணுக்கு என்று தெரிந்தது. ஒரே ஒளி பலர்மீது விழுகிறது, ஒருவர் துன்புறுகிறார், மற்றவர்கள் தம் கண்ணையே உரைகல்லாகக் கொண்டு அவரை நம்ப மறுக்கிறார்கள். இது இரண்டாயிரம் ஆண்டுகளாகத் திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது. அதைச் சொல்லும் முயற்சியே இக்கட்டுரை.

*

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில், ரோமப் பேரரசின் வட ஆப்பிரிக்க நகரமொன்றில், அப்புலேயஸ் என்ற எழுத்தாளர் குற்றவாளிக் கூண்டில் நின்றார். பணக்கார விதவை ஒருத்தியை மந்திரத்தால் மயக்கி மணந்துகொண்டார் என்பது வழக்கு. அவர் எதிரில் ஒரு சிறுவன் மயங்கி விழுந்ததும் மந்திரத்தின் சான்றாகக் காட்டப்பட்டது. அச்சிறுவன் வலிப்பு நோயாளி என்று எடுத்துக்காட்டிய அப்புலேயஸ், அத்தகையவரை வீழ்த்துவதற்கு மந்திரம் எதற்கு, சுழலும் குயவன் சக்கரத்தைப் பார்த்தாலே போதுமே என்று வாதிட்டார். சக்கரத்தினூடே வெயில் மின்னி மின்னி விழுந்ததால் என்று பின்வந்த சிலர் உரை விரித்தார்கள். மூலத்தில் உள்ளது சுழலும் சக்கரம் மட்டுமே. ஆயினும், பார்ப்பதனால் ஓர் உடல் நிலைகுலையும், அதே பொருளைப் பார்க்கும் இன்னோர் உடலுக்கு ஒன்றும் நேராது என்ற அறிவு அன்றே இருந்தது என்பதற்கு இது சான்று.

இந்த அறிவு ஆய்வுக்கூடத்துக்குள் நுழைய ஆயிரத்து எழுநூறு ஆண்டுகளுக்குமேல் ஆயின. 1929இல் ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர், மனித மூளையின் மின்னலைகளை மண்டையோட்டுக்கு வெளியிலிருந்தே பதிவு செய்ததாக வெளியிட்டார். கண்களை மூடி அமைதியாக இருக்கும்போது வினாடிக்குச் சுமார் பத்து முறை ஏறி இறங்கும் ஒரு தாளம் தென்படுகிறது என்றார். பலர் ஐயுற்றனர். கேம்பிரிட்ஜில் எட்கர் ஏட்ரியனும் பிரையன் மேத்யூஸும் அதைச் சோதித்தனர். ஏட்ரியன் 1932இல் நோபல் பரிசு பெற்றவர். இருவரும் தம் தலைகளையே சோதனைப் பொருளாக்கிக்கொண்டார்கள்.

1934இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையில் இரண்டு செய்திகள் முக்கியமானவை. கண்முன் ஒளியைச் சீராக மினுக்கினால் மூளையின் தாளம் அந்த மினுக்கத்தைப் பின்பற்றி ஓடத் தொடங்குகிறது என்பது ஒன்று. மற்றொன்றை எல்லோரும் எளிதில் கடந்துவிடுகிறார்கள். ஏட்ரியன் கண்களை மூடியவுடன் பத்துத் துடிப்புத் தாளம் தெளிவாக எழுந்தது. மேத்யூஸின் பதிவிலோ அத்தாளம் அரிதாகவே தலைகாட்டியது. இருவரும் நலமுடையவர்கள், ஒரே துறையினர், ஒரே கருவியின் முன் அமர்ந்தவர்கள். மூளையும் ஒளியும் சந்திக்கும் இடத்தில் மனிதருக்கு மனிதர் வேறுபாடு உண்டு என்பது அத்துறையின் தொடக்கப் பக்கங்களிலேயே, ஆய்வாளர்களின் சொந்தத் தலைகளைக் கொண்டே, எழுதப்பட்டுவிட்டது.

*

பிரிஸ்டல் நகரில் பணியாற்றிய கிரே வால்ட்டர் 1946இல் தம் சகாக்களுடன் இதை மேலும் கொண்டுசென்றார். மின்னணு மினுக்கு விளக்கொன்றைக் கண்முன் வைத்து, அதன் வேகத்தை மாற்றி மாற்றி மூளையலைகளைப் பதிவு செய்தார். வலிப்பு நோயாளிகள் சிலருக்கு நோயின் அலைகள் உடனே எழுந்தன. வாழ்நாளில் வலிப்பே வந்திராத சிலரிடத்திலும் அத்தகைய அலைகள் காணப்பட்டன. வேறு சிலர் எந்த இடையூறுமின்றி, சுழிகளையும் வண்ணக் கோலங்களையும் கண்டதாகச் சொன்னார்கள். வெள்ளை விளக்கில் வண்ணம் ஏது? அக்கோலங்கள் பார்ப்பவரின் மூளை வரைந்தவை.

1953இல் வெளிவந்த தம் நூலில் வால்ட்டர் ஒரு மனிதரைப் பற்றிச் சொல்கிறார். மாலை நேரத்தில் மிதிவண்டியில் வீடு திரும்பும்போது, மரங்கள் அணிவகுத்த சாலையொன்றில், இடையிடையே தாழ்ந்த வெயில் மின்னி மறையும். அவ்விடத்தில் அவருக்குக் கணநேரம் நினைவு தப்பிவிடுமாம்.

இனி இன்னொரு மரச்சாலை. 1958 டிசம்பர் 21ஆம் நாள், பிரயன் கைசின் என்ற ஓவியர் பிரான்சில் மார்செய் நகரை நோக்கிப் பேருந்தில் போய்க்கொண்டிருந்தார். எழுத்தாளர் வில்லியம் பரோஸின் நெருங்கிய நண்பர் இவர். சாலையோர மரங்களினூடே சாயும் வெயில் மூடிய இமைகளின்மேல் மினுங்கியபோது உள்ளே வண்ணங்கள் பெருக்கெடுத்தன. மரங்கள் முடிந்ததும் காட்சியும் முடிந்தது. பின்னர் வால்ட்டரின் நூலைப் படித்த கைசின், தமக்கு நேர்ந்தது என்னவென்று புரிந்துகொண்டு, இயான் சோமர்வில் என்ற இளைஞரின் துணையுடன் ஒரு கருவி செய்தார். துளைகள் வெட்டிய உருளை. நடுவில் ஒரு விளக்கு. அதைச் சுழற்ற இசைத்தட்டுக் கருவியின் சுழல்தட்டு. கண்களை மூடிக்கொண்டு அதன்முன் அமர வேண்டும். 'கனவு இயந்திரம்' என்று அதற்குப் பெயரிட்டார்கள்.

இவ்விரு மரச்சாலைகளையும் அருகருகே வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. ஒரே வகை ஒளி மிதிவண்டிக்காரரின் நினைவைப் பறித்தது; ஓவியருக்கு வாழ்நாள் பரவசத்தைத் தந்தது. அச்சாலைகளில் அன்றாடம் சென்ற பெரும்பாலோர் எதையும் உணர்ந்திருக்கமாட்டார்கள். அந்தப் பெரும்பாலோரிடம் கேட்டிருந்தால், மரங்களினூடே வரும் வெயிலில் என்ன இருக்கிறது என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

*

மரச்சாலையைக் கடந்துவிடலாம். வீட்டுக்குள் வந்து அமர்ந்துகொண்ட மினுக்கத்தை எளிதில் கடக்க முடியவில்லை. தொலைக்காட்சி பரவிய 1950களிலிருந்தே அதன்முன் வலிப்பு வந்தவர்களைப் பற்றிய மருத்துவக் குறிப்புகள் வரத் தொடங்கின. ஐரோப்பாவில் அவை மிகுதி, அமெரிக்காவில் குறைவு. காரணம் மக்களின் உடல்வாகு அன்று, மின்சாரம். ஐரோப்பியத் தொலைக்காட்சி வினாடிக்கு 50 முறை திரையைப் புதுப்பித்தது, அமெரிக்கத் தொலைக்காட்சி 60 முறை. பழைய படக்குழாய்த் திரையில் ஒற்றைப்படை வரிகளும் இரட்டைப்படை வரிகளும் மாறி மாறி வரையப்படும். ஆகவே தள்ளி அமர்ந்து பார்ப்பவருக்கு அது 50 துடிப்பு. வரிகள் தனித்தனியே தெரியுமளவு நெருங்கிப் பார்ப்பவருக்கோ ஒவ்வொரு வரியும் 25 துடிப்பு. ஒளிக்கூச்சமுள்ள மூளையை மிகுதியும் தாக்குவது வினாடிக்கு 15 முதல் 25 வரையிலான துடிப்பு.

இந்தியத் தொலைக்காட்சியும் ஐம்பது துடிப்புத்தான். "கிட்டப் போய்ப் பார்க்காதே, கண் கெட்டுவிடும்" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் அதட்டியது நினைவிருக்கும். காரணம் பிழை, அதனால் கண் கெடுவதில்லை. அறிவுரை சரி. தள்ளி அமர்ந்தால் திரை பார்வையில் சிறிய பரப்பையே அடைக்கிறது. வரிகளும் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன.

இங்கிலாந்தில் பீட்டர் ஜீவன்ஸும் கிரஹாம் ஹார்டிங்கும் ஒளியால் வரும் வலிப்பு பற்றிய தம் நூலை 1975இல் வெளியிட்டனர். இத்தன்மை உடையவர்கள் ஏறத்தாழ நான்காயிரம் பேரில் ஒருவர் என்பது இன்று பரவலாகக் கூறப்படும் கணக்கு. சிறார்களிடத்தும் பதின்வயதினரிடத்துமே இது மிகுதியாகத் தலைகாட்டுகிறது. ஒளிமினுக்கத்துக்கு விடையளிக்கும்போது பெரும்பாலோரின் மூளை தன் எழுச்சியைத் தானே மட்டுப்படுத்திக்கொள்கிறது. இவர்களிடம் அந்தக் கடிவாளம் தளர்வாக இருக்கிறது. பார்வைப் புறணியின் நரம்பணுக்கள் கூட்டமாக ஒரே தாளத்தில் எழுந்துவிடுகின்றன. கண் மருத்துவர் சோதித்தால் கண்ணில் ஒரு குறையும் தெரியாது.

இதற்குள் பிள்ளைகளின் கையில் விளையாட்டுத் திரை வந்துவிட்டது. 1978இல் ஜப்பானில் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' வந்தது. 1981இல் 'லான்செட்' மருத்துவ இதழில் 'ஸ்பேஸ் இன்வேடர் வலிப்பு' என்ற தலைப்பில் குறிப்பு வந்தது. அடுத்த ஆண்டே வேறொரு விளையாட்டின் பெயரால் இன்னொரு வலிப்பு, இன்னொரு பிரித்தானிய மருத்துவ இதழில். விளையாட்டுக்கு ஒரு நோய் என்று பெயர் சூட்டப்பட்டதைப் பார்த்தால் சிரிப்பு வரலாம். நோய் விளையாட்டில் இல்லை, இந்தத் திரையும் இந்த மூளையும் கூடும் இடத்தில் இருக்கிறது என்ற தெளிவு மெல்லத்தான் பிறந்தது.

1993இல் பிரித்தானியத் தொலைக்காட்சியில் வந்த ஒரு நூடுல்ஸ் விளம்பரம் மூவருக்கு வலிப்பை உண்டாக்கியது. மூவர்தாமே என்று விட்டுவிடாமல் அந்நாட்டு ஒளிபரப்பு ஆணையம் ஹார்டிங்கின் அறிவுரையோடு விதி வகுத்தது. வினாடிக்கு மூன்றுக்கு மேற்பட்ட பளிச்சீடுகள் கூடாது. அடர்சிவப்பில் தனிக் கவனம் வேண்டும். ஒழுங்கான கோட்டு வரிசைகளுக்கும் வரம்பு வேண்டும். உலகின் பிற பகுதிகளில் அதைக் கேட்டவர்கள் குறைவு.

*

1997 டிசம்பர் 16, செவ்வாய்க்கிழமை. மாலை ஆறரை மணி. ஜப்பானியப் பிள்ளைகள் பள்ளி முடிந்து, வெளியே இருட்டிவிட்ட குளிர்காலப் பொழுதில், தொலைக்காட்சியின் முன் அமர்ந்தார்கள். டோக்கியோத் தொலைக்காட்சியில் 'போக்கிமான்' தொடரின் 38ஆம் அத்தியாயம். கதை கணினியின் உள்ளே நடக்கிறது. தொடங்கிச் சுமார் இருபது நிமிடங்களானபோது பிகாச்சு என்ற மஞ்சள் உயிரி, பாய்ந்து வரும் ஏவுகணைகளின்மீது மின்னலைப் பாய்ச்சுகிறது. திரை முழுதும் சிவப்பும் நீலமும் வினாடிக்குப் பன்னிரண்டு முறை மாறி மாறி வெட்டுகின்றன. சில வினாடிகள்தான்.

அந்தச் சில வினாடிகளுக்குப் பின் நாடெங்கிலும் ஆம்புலன்சுகள் ஓடத் தொடங்கின. அன்றிரவு மருத்துவமனைகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டவர்கள் 685 பேர் என்பது அரசுத் தரப்புக் கணக்கு. பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள். சிலருக்கு உண்மையான வலிப்பு, சிலருக்கு வாந்தி, சிலருக்குத் தலைவலி, சிலருக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. வலிப்பு வந்தவர்களில் பலருக்கு அதற்குமுன் அப்படி நேர்ந்ததே இல்லை; தம் பிள்ளைக்கு இத்தன்மை உண்டு என்பதே அவர்களுடைய வீட்டாருக்குத் தெரிந்திருக்கவில்லை. இரவுச் செய்தியில் அதே காட்சியை மீண்டும் காட்டினார்கள். அதைப் பார்த்தும் சிலர் பாதிக்கப்பட்டனர்.

நடந்தது முற்றிலும் எதிர்பாராதது அன்று. அதே ஆண்டு மார்ச் மாதத்தில் ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனத்தில் வந்த இன்னொரு அசைபடத்தால் நான்கு பிள்ளைகள் மருத்துவமனைக்குப் போக நேர்ந்தது. அங்கும் சிவப்பு மினுக்கந்தான். நால்வர் என்பதால் அது செய்தியாகவில்லை போலும். திரையை வண்ணத்தில் வெட்டி வெட்டிக் காட்டும் உத்திக்கு ஜப்பானிய அசைபடக்காரர்களிடம் 'பாகா பாகா' என்று செல்லப்பெயரே இருந்தது. அதைக் கையாண்டவர்களுக்குப் பிள்ளைகளைத் துன்புறுத்தும் நோக்கம் இருந்திருக்க முடியாது. வரைந்தவர், தொகுத்தவர், ஒப்புதல் தந்தவர் எல்லோரும் அக்காட்சியைப் பார்த்துத்தான் இருப்பார்கள். அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாதவர்களின் கண்களே அக்காட்சிக்குச் சான்றிதழ் தந்தன.

தொடர் நான்கு மாதம் நிறுத்தப்பட்டு 1998 ஏப்ரலில் திரும்பியது. ஜப்பானிய ஒளிபரப்பாளர்களும் விதிகள் வகுத்துக்கொண்டார்கள். அறையில் வெளிச்சத்தோடு, திரையிலிருந்து தள்ளி அமர்ந்து பாருங்கள் என்ற அறிவிப்பு ஜப்பானிய அசைபடங்களின் தொடக்கத்தில் இடம்பெறலாயிற்று. அந்த அத்தியாயம் அதன்பின் ஒளிபரப்பப்படவே இல்லை. போக்கிமான் நம் நாட்டுக்கு வந்தபோதும் அது மட்டும் வரவில்லை. ஒரு வேடிக்கையும் உண்டு. மின்னலைப் பாய்ச்சியது பிகாச்சு; அது இன்றும் உலகப் புகழோடு இருக்கிறது. அந்த அத்தியாயத்தில் முதன்மை பெற்ற போரிகான் என்ற அப்பாவி உயிரிதான் தொடரின் கதைகளிலிருந்து ஒதுக்கப்பட்டது.

பின்னர் ஒரு விவாதம் எழுந்தது. 2001இல் ஆய்வாளர் இருவர், அன்றைய பாதிப்புகளில் பெரும்பகுதி ஒளியால் வந்தவை அல்ல, செய்தியும் அச்சமும் பரவியதால் வந்த கூட்டு மனக்கிலேசம் என்று எழுதினர். இதைக் கேட்டதும், எல்லாம் பாசாங்கு என்று சிலர் எடுத்துக்கொண்டார்கள். அச்சத்தால் நோயுற்ற பிள்ளைகள் இருந்திருக்கலாம். ஆயினும் ஒளிவலிப்பு இல்லையென்றால் மனப்பிரமை என்று இரண்டே பெட்டிகள் வைத்துக்கொள்வது சரியன்று. வலிப்புக்கும் நலத்துக்கும் நடுவே ஒரு நீண்ட சரிவு இருக்கிறது. தலைவலி, குமட்டல், கண்கூச்சம், எழுத்து நெளிதல் எல்லாம் அச்சரிவில் இருப்பவை. மருத்துவமனைப் பதிவேடு சரிவின் அடிவாரத்தை மட்டுமே எண்ணுகிறது. அதிலும் நின்று பார்த்தவர்களில் ஒருவர் இங்கிலாந்தின் அர்னால்ட் வில்கின்ஸ்.

*

வில்கின்ஸும் சகாக்களும் 1984இல் வெளியிட்ட ஆய்வு மினுக்கமே இல்லாத ஒரு பொருளைப் பற்றியது: கறுப்பும் வெள்ளையுமான நேர்கோடுகள். கோடுகளின் அகலமும் இடைவெளியும் ஒரு குறிப்பிட்ட அளவில் அமைந்தால் பார்ப்பவருக்கு அவை நெளிகின்றன, மினுங்குகின்றன, வண்ணம் காட்டுகின்றன. கையெட்டும் தொலைவில், ஒரு சென்டிமீட்டருக்குச் சுமார் மூன்று கறுப்பு வெள்ளை இணைகள் என்பது மிகவும் தொல்லை தரும் அளவு. ஒளிவலிப்பு உள்ளவரின் மூளையைக் கிளறும் அளவும் அதுவேதான். அடிக்கடி தலைவலி வருபவர்கள் மற்றவர்களைவிட மிகுதியான மாயத் தோற்றங்களைக் கண்டார்கள். 1960களில் பிரிட்ஜெட் ரைலி வரைந்த அலைக்கோட்டு ஓவியங்களின் முன் சிலர் வியந்து நின்றதும் சிலர் தலை சுற்றி விலகியதும் இந்த வேறுபாட்டினால்தான் எனலாம்.

வில்கின்ஸ் இன்னொன்றையும் கவனித்தார். அச்சிட்ட பக்கமும் ஒரு கோட்டு வரிசையே. எழுத்துகள் அமர்ந்த வரி கறுப்புக் கோடு. இடைவெளி வெள்ளைக் கோடு. இந்த இடத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தோம். நம் வகுப்புத் திரையில் நெருங்கி நெருங்கி ஓடிய சுவடி வரிகள் நினைவுக்கு வந்தன. இருட்டறை, பெரிய திரை, வெளிறிய ஏட்டில் மையேற்றிய கறுப்பு வரிகள், முதல் வரிசை இருக்கை. வரி நெளிகிறது என்று அந்தப் பெண் சொன்னது உவமையன்று. அவள் கண்டதைச் சொன்னாள்.

1989இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு லண்டன் அலுவலகமொன்றில் நடந்தது. சோக் வைத்த பழைய டியூப் லைட், ஐம்பது துடிப்பு மின்சாரத்தில் வினாடிக்கு நூறு முறை மங்கி ஒளிர்கிறது. கண்ணுக்குத் தெரியாத மினுக்கம் அது. அவற்றுக்குப் பதில் பல்லாயிரம் துடிப்புள்ள மின்னணு சோக் வைத்த விளக்குகளைப் பொருத்தியபோது, ஊழியர்களின் தலைவலியும் கண்வலியும் சராசரியில் பாதிக்கும் கீழாகக் குறைந்தன. பெரும்பாலோருக்கு முன்னரும் தலைவலி மிகுதியில்லை; பின்னரும் இல்லை. இடைவிடாமல் துன்புற்ற சிலர்தாம் அந்தச் சராசரியை மாற்றினார்கள். விளக்கு தலையைக் குடைகிறது என்று அவர்கள் முறையிட்டிருந்தால், விளக்கு நன்றாகத்தானே எரிகிறது என்ற பதில்தான் கிடைத்திருக்கும். நம் ஊர் அலுவலகங்களிலும் வகுப்பறைகளிலும் அதே ஐம்பது துடிப்பு மின்சாரம், அதே சோக் வைத்த விளக்கு நெடுங்காலம் எரிந்தது. எத்தனை பேரின் தலைவலியைச் சோம்பல் என்று எழுதி வைத்தோமோ!

*

மினுக்கமும் கோடும் ஒருபுறமிருக்க, அசைவினால் வரும் துன்பம் வேறு வகை. 1950களின் இறுதியில் அமெரிக்காவில், ஹெலிகாப்டர் பயிற்சிக்கென்று தரையிலேயே நிற்கும் பாவனைக் கருவியைச் செய்தார்கள். அதில் அமர்ந்து மயங்கிக் குமட்டியவர்களில் புதிய மாணவர்களைவிட, வானில் பல மணிநேரம் பறந்த பயிற்றுநர்களே மிகுதி. கண் பறக்கிறது என்கிறது. உடல் அசையவில்லை என்கிறது. அனுபவமுள்ள உடலுக்கு இவை எப்படி ஒத்துப்போக வேண்டும் என்று தெரிந்திருப்பதால் முரண்பாடும் பெரிதாகத் தெரிகிறது என்பது ஒரு விளக்கம். துன்புறுவது பலவீனத்தின் அடையாளம் என்ற எண்ணத்தை இந்த ஒரு செய்தியே கலைத்துவிடுகிறது.

1992இல் 'வுல்ஃபென்ஸ்டைன்', 1993இல் 'டூம்' என்று முப்பரிமாணத் தாழ்வாரங்களில் ஓடும் விளையாட்டுகள் வந்தபோது, இந்த மயக்கம் விமானிகளிடமிருந்து வீட்டுப் பிள்ளைகளுக்கு வந்தது. பின்னர் தலையில் மாட்டும் மெய்ந்நிகர்க் கருவிகள் வந்தன. இவற்றால் ஆண்களைவிடப் பெண்கள் மிகுதியாகக் குமட்டலுறுகிறார்கள் என்று சில ஆய்வுகள் கூறின. பெண் உடலின் இயல்பு அது என்று முடித்துக்கொள்வது எளிதாயிருந்தது. 2020இல் கே ஸ்டானியும் சகாக்களும் வேறொன்றை அளந்தார்கள். பெண்களின் இரு கண்மணிகளுக்கு இடையிலுள்ள தொலைவு சராசரியில் ஆண்களினுடையதைவிடச் சற்றுக் குறைவு. அவர்கள் சோதித்த கருவியின் கண்ணாடிகளை அந்த அளவுக்கு நெருக்கி வைக்கப் பல பெண்களுக்கு வழியே இல்லை. கண்ணாடி சரியாகப் பொருந்திய பெண்களின் துன்பம் ஆண்களினுடையதைப் போலவே இருந்தது. உடலின் குறை என்று சொல்லப்பட்டதில் பெரும்பங்கு கருவியின் குறை.

அண்மைக் காலச் செய்திகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2012 லண்டன் ஒலிம்பிக்குக்கான சின்னத்தை அறிமுகப்படுத்த 2007 ஜூனில் வெளியிட்ட அசைபடத் துண்டு சிலருக்கு வலிப்பை உண்டாக்கியதால் திரும்பப் பெறப்பட்டது. விதி பிறந்த நாட்டிலேயே விதி மறந்துபோயிற்று. 2008 டிசம்பரில், இணையப் பக்கங்களுக்கான உலகளாவிய வழிகாட்டு நெறிகளில் 'வினாடிக்கு மூன்று' என்ற வரம்பு இடம்பெற்றது. 2020 டிசம்பரில் 'சைபர்பங்க் 2077' வெளிவரும் தறுவாயில், அதை மதிப்புரைக்காக விளையாடிய விமர்சகர் ஒருவருக்கு வலிப்பு வந்தது. அவர் எழுதியபின் அக்காட்சி மாற்றப்பட்டது. வலிப்பு உள்ளவர்களைத் துன்புறுத்துவதற்கென்றே மினுங்கும் படங்களை அனுப்பும் கொடுமையும் நடந்தது. 2023ஆம் ஆண்டின் சட்டத்தால் பிரித்தானியா அதைக் குற்றமாக்கியது.

வாசகர்களில் யாருக்கேனும் பயன்படும் என்பதால் ஒரு செய்தி. திரை திடீரென்று மினுங்கித் தொல்லை தந்தால் இரு கண்களையும் மூடிக்கொள்வதால் மட்டும் பயனில்லை. இமையினூடே ஒளி புகும். உள்ளங்கையால் ஒரு கண்ணை நன்றாகப் பொத்திக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். மினுக்கம் ஒரு கண் வழியாக மட்டும் போகும்போது மூளையின் எழுச்சி பெரிதும் தணிகிறது. வலிப்பு வந்தவரின் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கும் நம் ஊர் வழக்கத்தால் ஒரு பயனும் இல்லை. தலை அடிபடாமல் பார்த்துக்கொண்டு, ஒருக்களித்துப் படுக்க வைத்து, மருத்துவ உதவியை நாடுவதே முறை.

*

தமிழாசிரியர் என்ற முறையில் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. கண் கூசுகிறது, உறுத்துகிறது, எரிகிறது, பூத்துப்போகிறது, இருட்டிக்கொண்டு வருகிறது, கண்ணில் பூச்சி பறக்கிறது என்று நம் மக்கள் வழக்கில் எத்தனை சொற்கள்! ஒவ்வொன்றும் வெவ்வேறு துன்பம். கண்டவர்கள் சொல்லித்தான் இவை மொழிக்குள் வந்திருக்க வேண்டும். ஆனால் வகுப்பில் ஒரு பெண் "நெளியுது" என்று சொன்னபோது, மொழியைக் கற்பிக்கும் நமக்கு அச்சொல் காதில் ஏறவில்லை.

அடுத்த வாரம் அவள் வந்தாள். அதற்குள் அந்த ஏடுகளை மங்கலான நிறத்தாளில் அச்செடுத்து வைத்திருந்தோம். ஓர் அட்டையில் ஒரு வரி மட்டும் தெரியும்படி நீளமாகத் துளை வெட்டி, மேல் வரியும் கீழ் வரியும் மறைய அதை ஏட்டின்மேல் வைத்துப் படிக்கச் சொன்னோம். மெல்ல மெல்ல, எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டே போனாள். வரி நிற்கிறதா என்று கேட்டோம். நிற்கிறது என்றாள். அன்று சிரித்ததற்கு வருத்தம் தெரிவித்துவிட்டு, இங்கே எழுதியவற்றில் சிலவற்றைச் சுருக்கமாகச் சொன்னோம்.

"அப்ப இது எனக்கு மட்டும் இல்லைங்களா ஐயா?" என்று கேட்டாள்.

அக்கேள்வியை வகுப்பின் முன் வைத்தோம். திரையைப் பார்க்கும்போது வேறு யாருக்கேனும் இப்படி ஏதாவது ஆகிறதா என்று கேட்டதற்கு முதலில் யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு கடைசி வரிசையில் ஒருவன் கை உயர்த்தினான். டியூப் லைட்டுக்கு நேர்கீழே அமர்ந்தால் பிற்பகலில் தலைவலி வருகிறது, அதனால்தான் எப்போதும் பின்னால் போய் உட்காருகிறேன் என்றான். மணி அடித்தபின் இன்னொரு பெண் தனியே வந்து, பேருந்தில் கைபேசியைப் பார்த்தால் தனக்கு மயக்கம் வருவதாகவும், வீட்டில் அதைச் சொன்னால் சிரிப்பார்கள் என்று சொன்னதில்லை என்றும் கூறினாள்.

நாற்பது பேரில் மூவர். இத்தனை ஆண்டுகளில் எத்தனை வகுப்புகள், எத்தனை பேர் என்று கணக்கிடத் துணியவில்லை. அன்றிலிருந்து திரையைப் போடும்போது விளக்குகளை அணைப்பதில்லை.